ஆட்டின் சம்மதம்

1

இந்தக் கதை தானாக வரவில்லை. சிற்றிதழ்க்காரர் ஒருவர் "பௌத்த நோக்கில் மேற்கும் கிழக்கும்" என்று கட்டுரை கேட்டார். மேற்கு என்றால் ஆசை, கிழக்கு என்றால் துறவு என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளியிருக்கலாம். என் போதாத காலம், 1988இல் பரளச்சிப் பக்கம் ஒரு பொட்டலில் பார்த்தது நினைவுக்கு வந்து தொலைத்தது.

2

முதல் தொடக்கம்: "கண்மூடி அமர்ந்த புத்தரின் முன்னே இரு நாகரிகங்களும்..."

(கர்மம். அடித்துவிட்டேன். அந்தப் பொட்டலில் கண்மூடி உட்கார்ந்திருந்த கல்லைப் புத்தர் என்று சொன்னவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்ரிக் மட்டும்தான். ஊருக்கு அது முனியசாமி. வாயில் சுருட்டு வைப்பார்கள்.)

3

மகள் ஜெகதீஸ்வரிக்குக் காமாலை முற்றியபோது, பிழைத்தால் கிடாய் வெட்டுவதாகச் சந்தனம்மாள் முனியசாமிக்கு நேர்ந்தாள். மகள் பிழைத்தாள். கிடாய்* அவள் கையில் தின்று வளர்ந்தது. வெட்டாவிட்டால் காமாலை திரும்பிவிடும் என்று சந்தனம்மாளுக்குப் பயம்.

வெட்டுமுன் ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு வேண்டாம், வெட்டக்கூடாது.

அன்று ஜெகதீஸ்வரி கயிற்றைப் பிடித்திருக்க, இரண்டு குடம் ஊற்றியும் ஆடு அசையவில்லை.

"சாமி என்னமோ யோசிக்குதப்பா. இன்னொரு கொடம் கொண்டாங்க" என்றார் பூசாரி சங்கையா.

ஹென்ரிக் பௌத்தத்துக்கு மாறியவர். காலையிலிருந்து கொல்லாமை பற்றி எல்லாரிடமும் இங்கிலீஷில் மன்றாடிக்கொண்டிருந்தார். (இங்கே அவரைக் கேலி செய்ய நினைத்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார், முடியவில்லை.) விறுவிறுவென்று போய் ஆட்டைக் கட்டிக்கொண்டார். அதன் காதில் வழிந்த தண்ணீரைத் துண்டால் பரிவாகத் துடைத்தார்.

காதுக்குள் துணி பட்டால் எந்த ஆடு சும்மா நிற்கும்? தலை முதல் வால் வரை சிலுப்பியது.

"சிலுப்பிருச்சு!" என்று ஒரே குலவை.

\* கிடாய்க்கு ஜெகதீஸ்வரி பெயர் வைத்திருந்தாள். அதைச் சொன்னால் என்னால் மேலே எழுத முடியாது.

4

இதை வைத்துக்கொண்டு நான் என்ன கட்டுரை எழுத? மேற்கின் கருணைதான் கொன்றது என்றால் இதழ்க்காரர் கைதட்டுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆட்டிடமே சம்மதம் கேட்ட நாகரிகம் எங்களுடையது என்று பீற்றிக்கொள்ளலாம். தலையாட்டும்வரை குடம் குடமாக ஊற்றுவதற்குச் சம்மதம் என்றா பெயர்?

குலவைக்கு நடுவே சந்தனம்மாள் ஹென்ரிக்கிடம் வந்தாள்.

"தொடாம இருந்திருக்கலாம்ல தொரை. அந்தக் கொடத்துக்கும் நின்னுருந்தா, சாமிக்கே வேண்டாமாம்னு வீட்டுக்குப் பத்திட்டுப் போயிருப்பேன்ல."

அவருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

5

அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஓங்கிய அரிவாளைக் கதையில் அப்படியே நிறுத்திவிட்டேன். ஜெகதீஸ்வரி இன்னும் கயிற்றை விடவில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய் அவளிடம் கயிற்றைக் கேளுங்கள்.