எல்லாரும் சாப்பிட்டாச்சா?

என் அம்மா எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் "நிஜமாவா?" என்கிறார்கள். நிஜம்தான். நான் மூன்றாம் ஆண்டு வேதியியல், அம்மா முதலாம் ஆண்டு தாவரவியல். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பெண்கள் விடுதி. எனக்கு மூன்றாவது மாடி, அவளுக்குத் தரைத்தளம்.

பதினெட்டு வயதில் இதே படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர்வதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. பிறகு நான், பிறகு தம்பி, அப்புறம் வீட்டு வேலை என்று வருடங்கள் ஓடின. வயது வரம்பில்லாமல் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று அறிவிப்பு வந்தபோது, அம்மா யாரிடமும் மூச்சுவிடாமல் எழுதிவிட்டாள். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான என் அப்பா எதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்குத் திறந்து பார்க்க ஒன்றும் இல்லாததால் வெகுநேரம் யோசித்தார்.

"ஒரு பருவம் போய்ப் பாரு. சரிப்படலேன்னா வந்துடு. கதவு திறந்துதான் இருக்கும்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் திறந்திருக்கும் கதவு எப்போதும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

விடுதியில் முதல் நாளே கூத்து. பெட்டியோடு நின்ற அம்மாவிடம் காப்பாளர், "பெத்தவங்க எல்லாம் ஆறு மணிக்குள்ள கிளம்பிடணும்மா" என்றார். அம்மாவும் பழக்கதோஷத்தில் "சரிங்க, பொண்ணை விட்டுட்டுக் கிளம்பிடறேன்" என்று தலையாட்டிவிட்டாள். நான் குறுக்கே புகுந்து, "மேடம், இங்க நான்தான் அம்மாவை விட வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் அம்மாவின் அறைத்தோழி என்பதும், ஒரே வகுப்பு என்பதும் அரை மணி நேரத்தில் தெரிந்தது. சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

ஆனால் அம்மாவைப் பிடிக்காமல் போவது கஷ்டம். ஒரே வாரத்தில் சுருட்டை "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். தரைத்தளத்தில் விளக்குகள் வீணாக எரிவது நின்றது. மாடிப்படியில் கிடந்த ஈரத் துண்டுகள் மாயமாகிக் கொடியில் தொங்கின. எனக்கு மானம் போனது. "அம்மா, இது வீடு இல்ல. இங்க நீ ஸ்டூடன்ட்" என்றேன். "தெரியும்டி" என்றாள், என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டே.

இரண்டாவது மாதம்தான் கவனித்தேன். அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சுருட்டையைப் படியில் மடக்கிக் கேட்டேன்.

"அக்கா, ஆன்ட்டி தினமும் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் சாப்பிடறாங்க. மெஸ்ஸுக்குப் போறாங்க, ஆனா சாப்பிடாமயே வந்துடறாங்க."

என் செய்முறை வகுப்பு முடிய நேரமாகும் என்பதால் நான் எப்போதும் நேரங்கெட்ட நேரத்தில் கேன்டீனில்தான் சாப்பிடுவேன். அதனால் அம்மா சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் வகுப்பை மட்டம் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா வாசல் ஓரமாக நின்றிருந்தாள். கையில் தட்டு இல்லை. உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு பாக்கறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டில் நாங்கள் மூவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா உட்காருவாள். அது எங்கள் வீட்டில் சூரியன் உதிப்பது போல நடக்கிற காரியம், யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூடக் கிடையாது. அதையே அவள் நானூறு பேர் சாப்பிடுகிற விடுதியிலும் செய்துகொண்டிருந்தாள். நானூறு பேர் எப்போது சாப்பிட்டு முடிப்பது? கடைசி ஆள் கைகழுவும்போது ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு கேள்விப்பட்டதே இல்லையா நீ?"

"நான் ரெண்டுக்குமே பிந்திதான் பழக்கம்" என்று சிரித்தாள். "கூட்டமா இருக்கும்போது தட்டை நீட்ட என்னவோ மாதிரி இருக்குடி. தொண்டையில இறங்க மாட்டேங்குது."

கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினேன். அப்பப்பா! வரிசையில் பின்னோக்கி நகரும் மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீ போம்மா, உனக்கு கிளாஸ் இருக்கும்." "நீ போடா கண்ணு, பசியில முகம் வாடிப்போச்சு." கடைசியில் நானே இரண்டு தட்டு வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தினமும் வகுப்பிலிருந்து ஓடி வந்து அப்படித்தான். எங்கள் விடுதிச் சாப்பாடு பிறக்கும்போதே ஆறிப்போய்த்தான் பிறக்கும். அதையும் அம்மா ரசித்துச் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். தாவரவியல் ஆய்வகத்திலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் அம்மா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். அவள் மேஜையில் நான்கு பேருக்கு ஒரே மைக்ராஸ்கோப். செடியின் தண்டைப் பிளேடால் மெல்லிசாக, ஒளி ஊடுருவும்படி வெட்டி, சிவப்புச் சாயத்தில் நனைத்து, ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற மூவரும் வெட்டிப் பார்க்கட்டும் என்று அம்மா காத்திருப்பாள். காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இராதே! அவர்கள் ஸ்லைடுகளைக் கழுவுவாள், மேஜையைத் துடைப்பாள். அவள் முறை வரும்போது மணி அடித்துவிடும். அன்றைக்கு நடந்த மாதிரித் தேர்வில் அவள் வெட்டியது ஒன்றுகூடத் தேறவில்லை.

"மேடம் என்ன சொன்னாங்க?" அம்மாவைவிடப் பத்து வயது சின்னவரான செய்முறை ஆசிரியையைத்தான் கேட்டேன்.

"'உங்க மேஜையில எல்லா ஸ்லைடும் பளபளன்னு இருக்கு. ஆனா உங்க ஸ்லைடு எங்கே?'ன்னு கேட்டாங்க." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "அடுத்த மாசம் அசல் தேர்வு. அதுல தேறலேன்னா அடுத்த பருவத்துக்கு விட மாட்டாங்களாம்."

அப்பாவிடம் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டிருந்தாள். அவர் ஒரே வார்த்தையில் "வந்துடு" என்றாராம். பின்னாலிருந்து தம்பி, "அம்மா எப்ப வருது?" என்று கேட்டானாம்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சா இன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன்டி. வருமா வராதான்னே தெரியாம எப்படிப் போறது?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருடம் படித்தும் நான் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. வராது என்று தோன்றிய பாடத்தையெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டவள் நான்.

மறுநாளே விடுதிக்குப் பின்னால் மண்டிக் கிடந்த களைச்செடிகளை ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு டப்பா மூடியில் தண்ணீர். இருபது வருடம் காய் நறுக்கிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நான் அலட்சியமாக நினைத்தேன். அதுதான் வினை. பழகிய கை, பழகியபடியே அழுத்தி வெட்டியது. விழுந்த துண்டுகளைப் பார்த்து சுருட்டை, "ஆன்ட்டி, இதை அப்படியே சட்டியில போட்டுடலாம்" என்றாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இத்தனை வருடம் தெரிந்த ஒன்றை மறந்துவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. புதிதாகக் கற்பதைவிட அது இரண்டு பங்கு கஷ்டம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். வகுப்பு முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்காருவாள். தண்டை இடது கையில் பிடித்து, பிளேடை அழுத்தாமல் தன் பக்கமாக இழுப்பாள். அறையில் மைக்ராஸ்கோப் ஏது? வெட்டிய துண்டை ஸ்லைடுக் கண்ணாடியில் வைத்து, கண்ணாடியைப் பாடப் புத்தகத்தின் மேல் வைப்பாள். கீழே இருக்கும் எழுத்து தெரிந்தால் மெல்லிசு, தெரியாவிட்டால் தடிமன். அது அவளாகக் கண்டுபிடித்த வழி. விரல்களில் பிளாஸ்டர் ஏறிக்கொண்டே போனது. நான் போய் நின்றால்கூட நிமிர மாட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் அம்மா என்னைப் பார்த்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான். எனக்கு அது கொஞ்சம் வலித்தது, அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் படியேறி மூச்சிரைக்க என் அறைக்கு வந்தாள். கையில் புத்தகம், அதன் மேல் கண்ணாடி.

"படிச்சுப் பாரு."

கண்ணாடியில் ஒரு துண்டு இருந்ததே எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கீழே 'வேர்' என்ற சொல் தெளிவாகத் தெரிந்தது. உரக்கப் படித்தேன். அம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அலுங்காமல் படியிறங்கிப் போனாள்.

தேர்வு நாளன்று எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தாவரவியல் ஆய்வகத்துக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையை வரி விடாமல் படித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே எல்லோருக்கும் ஒரே தண்டு, ஒரே நேரம். வெட்டி முடித்தவர்கள் ஸ்லைடை எடுத்துப்போய் ஆசிரியையின் மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். தாமதித்தால் துண்டு காய்ந்து சுருங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டியதுதான்.

அம்மா ஐந்தாறு துண்டுகளை வெட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாயமேற்றி ஸ்லைடில் வைத்தாள். மைக்ராஸ்கோப் அப்போதுதான் காலியானது. அம்மா எழுந்தாள். அதே நேரத்தில் சுருட்டையும் ஸ்லைடோடு எழுந்தாள்.

"ஆன்ட்டி, நான் முதல்ல காட்டிக்கட்டுமா? எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

அம்மாவின் வலது கால் ஓர் அடி பின்னால் போனது. அந்தக் காலை எனக்குத் தெரியும். மெஸ் வரிசையில் தினமும் பார்த்த கால். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா, போம்மா' என்று மனதுக்குள் கத்தினேன்.

அம்மா சுருட்டையைப் பார்த்தாள். தன் ஸ்லைடைப் பார்த்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றாள். "நான் காட்டிட்டு வந்துடறேன். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுக்கோ, காயாது."

பின்னால் போன கால் முன்னால் வந்தது. நேராக நடந்து போய் ஸ்லைடை நீட்டினாள்.

ஆசிரியை குனிந்து வெகுநேரம் பார்த்தார். திருகைத் திருகினார், மறுபடி பார்த்தார். பிறகு நகர்ந்துகொண்டு, "நீங்களே பாருங்க" என்றார்.

அம்மா குனிந்தாள். பின்னால் சுருட்டை நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அம்மா அவசரப்படவில்லை. யாருக்கு கிளாஸ் இருக்கிறது, யார் முகம் வாடியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. தான் வெட்டியதை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பிறகு தொட்டிக்குப் போய்த் தன் ஸ்லைடைக் கழுவினாள். அது ஒன்றை மட்டும்தான் கழுவினாள்.

அவள் தேறிவிட்டாள். சுருட்டையும்தான்.

பருவ விடுமுறைக்கு இருவரும் ஒன்றாகவே ஊருக்குப் போனோம். அப்பா சமைத்திருந்தார். இந்த மாதங்களில் சுமாராகக் கற்றுக்கொண்டிருந்தார். தம்பி தட்டுகளை வைத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரங்களிலிருந்து ஆவி எழும்பியது. நாங்கள் மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல அம்மாவின் கை கரண்டிக்கு வருவதற்காகக் காத்திருந்தோம். மெஸ்ஸில் அத்தனை நாள் அவளை மிரட்டிய நானும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலைத் தாண்டியதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

அம்மா ஒரு தட்டை எடுத்தாள். தனக்குப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து, முதல் வாயை எடுத்து வைத்தவள், "ஸ்ஸ்" என்று வாயைத் திறந்து ஊதினாள். தம்பி தண்ணீரை நகர்த்தினான். அம்மா வேண்டாம் என்று கையசைத்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க," என்றாள் அப்பாவிடம். "இத்தனை வருஷமா நீங்கல்லாம் இவ்வளவு சூடாவா சாப்பிட்டுட்டு இருந்தீங்க?"

குறையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். அம்மா எங்களுக்காகக் காத்திருக்காமல் அடுத்த வாயை எடுத்தாள்.