நீலச் சட்டை

சிவசங்கரி அரிசித் தட்டை நீட்டினாள். நளினி கையை நீட்டவில்லை.

"போடு அண்ணி. வண்டிக்காரன் நின்னுகினு கீறான்."

இரவு ஷிப்ட் முடிந்து ஸ்ரீசிட்டியிலிருந்து திரும்பிய பஸ்ஸில், திருப்பதி வந்தும் அவள் கணவர் பாலசுந்தரம் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டான். இப்போது குளிப்பாட்டி, புது வேட்டி உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். கழற்றிய கம்பெனிச் சட்டை கொடியில் நீலமாகத் தொங்கியது.

"நாலு வருஷமா எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசல. வாய்க்கரிசியாவது போடேன்" என்றாள் நாத்தனார்.

"எம் புள்ள கைய வுட்டவரு."

நளினிக்கு எல்லாம் நினைவிருந்தது. தெருவில் மார்பளவு வெள்ளம். அஷ்வினின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை. நனைந்து ஒட்டிய நீல முழுக்கைச் சட்டை. ஒவ்வொன்றாக விரிந்த விரல்கள். ஆஸ்பத்திரியில் அவள், "ஏன் வுட்டீங்க?" என்று கத்தியபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆமா, நான்தான் வுட்டுட்டேன்" என்றார்.

"போதும் அண்ணி." தலைமாட்டில் நின்ற கொழுந்தன் கேசவன் முன்னால் வந்தான். "அண்ணன் அன்னிக்கு ஊட்லயே இல்ல."

"இன்னா சொல்ற? நான் பாத்தேன். நீல சட்ட போட்டுகினு..."

"அந்தச் சட்ட குடுத்ததே அடுத்த வருஷம். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் காளஹஸ்தியாண்ட பஸ்ல மாட்டிக்கினோம். மறுநாதான் ரோடு வுட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம்."

"அப்ப ஏன் ஆமான்னாரு?"

கேசவன் தரையைப் பார்த்தான். "உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

சிவசங்கரியின் தட்டு மெல்லத் தாழ்ந்தது.

அன்று வீட்டில் இருந்தது நளினியும் அஷ்வினும்தான். அவள் கண்ணை மூடி மறுபடியும் பார்த்தாள். வெள்ளம் வந்தது. மணிக்கட்டு வந்தது. சட்டைக் கை வரவில்லை. இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல்கள் வந்தன.

கண்ணைத் திறந்து, தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளி, அவர் உதட்டுக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே நின்றது கை.

"போடு அண்ணி" என்றாள் சிவசங்கரி, இந்த முறை மெதுவாக.

மூடிய பிடி திறக்கவில்லை. வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சிவசங்கரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நளினியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.