ரோஜாவின் கட்டைவிரல், செல்வியின் வேலை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக் கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். காதை மூடிக்கொள்ளவா முடியும்? முடியும்தான். ஹெட்செட் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

பெயர்களை மாற்றிவிட்டேன். அவர்கள் வேலை பார்த்த இடத்தை ஷூ கம்பெனி ஆக்கியிருக்கிறேன். உண்மையில் அது வேறு. ஏன் மாற்றினேன் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கும் விஷயத்தில் அரசு கடைப்பிடிக்கும் நடைமுறைகள் குறித்து நாம் அனைவரும்"

நானே கொட்டாவி விட்டேன். அடித்துவிட்டேன்.

அடுத்தது: "ஆரோக்கியசெல்வி ஜன்னலோரம் அமர்ந்து, பின்னால் ஓடும் வயல்களைப் பார்த்தபடி, தன் வாழ்க்கையை"

பொய். அவள் வயல் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பசை தடவுவது எப்படி என்று அண்ணிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஆக, கதை அந்தக் கைக்குட்டையில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஒரு நிமிஷம்.

3

இருவரும் பெருமுக்கல் பக்கம். ரோஜா, செல்வியின் அண்ணன் மனைவி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது ரோஜாவுக்குத்தான். ஆதார் கொடுத்தாள், பேங்க் புத்தகம் கொடுத்தாள், கார்டு வாங்கினாள். இரண்டாம் மாதம் உண்டாகிவிட்டாள். ஷூவுக்குள் போடும் அட்டையில் துணி ஒட்டும் வேலை; பசை வாசனைக்கு வாந்தி நிற்கவில்லை. அந்த இடத்துக்கு இருபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். இடம் கைவிட்டுப் போகக் கூடாதே என்று நாத்தனார் செல்வி அதே கார்டை மாட்டிக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் புகழேந்தி கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "லைன் காலியா இருக்கக் கூடாது, போய் உக்காரு" என்றார்.

உட்கார்ந்தவள்தான். பதினோரு வருடம். சம்பளம் ரோஜா கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டு செல்வியிடம் இருக்கும். கம்பெனியில் எல்லோரும் அவளை ரோஜா என்றுதான் கூப்பிட்டார்கள்.

போன வருடம் முதலாளி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். இழப்பீடு* தரவில்லை. அரசாங்கம் மெஷின்களை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை விழுப்புரத்தில் இருக்கும் தொழிலாளர் அலுவலகம் மூலமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. பட்டியலைப் பார்த்தால் முதலாளியின் மச்சான், மச்சானின் டிரைவர் எல்லோரும் தொழிலாளியாக இருந்தார்கள். அதனால் அதிகாரி ஒரு வேலை செய்தார். ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். ஆதாருக்குக் கட்டைவிரல் வைக்க வேண்டும். பிறகு, வேலையைப் பற்றி அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் அந்த பஸ்ஸில் ஏறிய நாள்தான் கடைசி நாள்.

கட்டைவிரல் ரோஜாவிடம் இருக்கிறது. வேலை செல்வியிடம் இருக்கிறது. அரசாங்கத்துக்கு இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டும்.

(இந்த மூன்று வரியை எழுதிவிட்டு எழுந்து போய் எனக்கு நானே டீ போட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.)

* வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். பதினோரு வருடத்துக்கு எவ்வளவு என்று நான் மனக்கணக்கு போட்டு முடிப்பதற்குள், வீட்டில் போடப்போகும் பவர் தையல் மெஷினின் விலையைச் செல்வி சொல்லிவிட்டாள். இனி எந்தக் கம்பெனிக்கும் போக மாட்டாளாம்.

4

இது நான் கேட்டது. பெயர்களைத் தவிர ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை.

"பசைய மொதல்ல எதுல தடவுவ, அண்ணி?"

"அட்டைல."

"அட்டைல தடவுனா ஊறிப் பூடும். துணில. எத்தினி வாட்டி சொல்றது?"

"சரிடி, துணில. ஏன் கத்துற, கண்டக்டர் பாக்குறாரு."

"சாப்பாட்டுக்கு மணி எத்தினி வாட்டி அடிக்கும்?"

"ரெண்டு."

"மணியே கெடயாது. லைட்ட ஆஃப் பண்ணுவாங்க."

"இதுக்குத்தான் சொல்றேன், நீயே போய் உக்காந்துக்க. என் விரல வெட்டித் தர்றேன், எடுத்துக்கினு போ."

"லேடீஸ் பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"அத்த எதுக்குடி கேக்கப் போறாரு?"

"அத்தத்தான் கேக்குறாராம். முந்தாநாளு எங்க லைன் கவிதாவ கேட்டாராம்."

"எந்தப் பக்கம்?"

"குடோனுக்குப் பின்னால. ஆனா பூட்டியே இருக்கும். சாவி புகழேந்திகிட்ட. அவரு போன் பேசி முடிக்கிற வரிக்கும் நிக்கணும்."

"பதினோரு வருஷமாவா?"

"பின்ன."

ரோஜா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அப்புறம் சட்டென்று பின்னால் திரும்பி, ஒரு கை அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், என்னிடம் நீட்டினாள்.

"இன்னா சார், கூட்டேரிப்பட்டுலேந்து கேட்டுக்கினு வர்றீங்க. ச்சும்மா வராம நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க."

வசமாக மாட்டிக்கொண்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கம்பெனி மூடுன அன்னிக்கு கடைசியா என்னம்மா பண்ணீங்க?"

ரோஜா செல்வியைப் பார்த்தாள்.

"பசை டப்பாவக் கழுவிக் கவுத்து வச்சிட்டு வந்தேன் சார்," என்றாள் செல்வி. "நாளிக்கு வந்தா காஞ்சி கெடக்குமேன்னு."

"இத்த நான் எப்பிடிடி சொல்லுவேன்," என்றாள் ரோஜா.

விழுப்புரம் வந்துவிட்டது. அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனிமேல் வருவது நான் கட்டியது.

5

அதிகாரியை என்ன செய்வது?

முதலில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன், மேஜைக்கு அடியில் கை நீட்ட வைத்தேன். என் வீட்டுக்காரி படித்துவிட்டு, "உங்க கதைல வர்ற ஆபீசருங்க எல்லாம் ஒரே அச்சுல இருக்காங்களே" என்றாள். மீசையை எடுத்தேன். கையையும் எடுத்தேன். பிரவீன்குமார் என்று பெயர் வைத்தேன். ஏலத்துக்கு யாருமே வராதபோது ஊர் ஊராகப் போன் போட்டு ஆள் பிடித்தவர். உரியவருக்குப் பணம் போகாமல் இருக்கக் கூடாது, உரிமை இல்லாதவருக்குப் போகக் கூடாது. இவ்வளவுதான் அவர் கவலை.

இப்போது கதை இன்னும் சிக்கலாகிவிட்டது. கெட்டவர் என்றால் ஏமாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறலாம். இவரை ஏமாற்றச் செல்விக்கு மனசு வராது. எனக்கும் வரவில்லை.

6

முடிவு அ: ரோஜா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். பணம் அவள் கணக்கில் விழுகிறது. பிறகு அவள் மனசு மாறி

இல்லை. கை நிறைய மல்லாட்டை கொடுத்தவள். அவளைக் கெட்டவளாக்க மாட்டேன்.

முடிவு ஆ: செல்வி உண்மையைச் சொல்கிறாள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு

நீங்கள் எந்த அலுவலகத்தில் பார்த்தீர்கள்? நான் பார்த்ததில்லை.

7

ஆகவே இப்படி.

ரோஜா கட்டைவிரலை வைக்கிறாள். முதல் தடவை எடுக்கவில்லை, களை எடுத்துத் தேய்ந்த விரல். புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். பச்சை விளக்கு. பின் பெஞ்சில் செல்வி மூச்சு விடுகிறாள்.

"பாத்ரூம் எங்கம்மா?"

"குடோனுக்குப் பின்னால சார். பூட்டியே இருக்கும்."

பிரவீன்குமார் சிரிக்கிறார். அந்தப் பதிலைச் சரியாகச் சொன்னவர்கள் எல்லோரும் நிஜமான ஆட்கள் என்று அவருக்குத் தெரியும். பேனாவைத் திறக்கிறார். ஏதோ தோன்றி, மூடாமலே மேஜையில் வைக்கிறார். ஓரத்தில் இருந்த அட்டையையும் துணியையும் பசை டப்பாவையும் பிரஷ்ஷையும் நகர்த்தி வைக்கிறார்.

"ஒன்னே ஒன்னு ஒட்டிக் காட்டுங்கம்மா, போதும்."

ரோஜா துணியில்தான் தடவுகிறாள். அதை மறக்கவில்லை. ஆனால் கேப்பைக் கூழைத் துழாவுவது மாதிரி தடவுகிறாள். நடுவில் குவியல், ஓரத்தில் ஒன்றுமில்லை. துணியைத் தூக்கி அட்டைமேல் வைக்கிறாள். ஒரு மூலை கோணிக்கொண்டு நிற்கிறது. இடது கையால் அமுக்குகிறாள். அடுத்த மூலை எழுகிறது.

செல்விக்குத் தான் எழுந்து நின்றதே தெரியாது. பணத்துக்காக எழவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு ஒட்டு அவள் கையிலிருந்து போனதில்லை.

"ஓரத்துலேந்து இழு அண்ணி," என்கிறாள். மேஜைக்கே போய்விட்டாள். பிரஷ்ஷை வாங்குகிறாள். ஒரே இழுப்பு, ஒரு திருப்பு, கட்டைவிரலால் சுற்றி ஒரு ஓட்டு. துணி அட்டையோடு பிறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

பிரவீன்குமார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு அவளைப் பார்க்கிறார்.

"நீங்க யாரும்மா?"

8

"இவங்க நாத்தனார் சார், கூட வந்தேன்" என்று அவள் சொல்லலாம். அது உண்மை. அவர் அதோடு விட்டுவிடவும் கூடும். பணம் வரும், மெஷின் வரும். அவள் அந்த வேலையைச் செய்ததற்கு மட்டும் எங்கேயும் சாட்சி இருக்காது.

"பதினோரு வருஷமா ஒட்டுனது நான்தான் சார்" என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை. அதைக் கேட்ட பிறகு ஒரு நல்ல அதிகாரியால் கையெழுத்துப் போட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டி அழித்துவிட்டேன். என்னால் ஆகவில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள், ரோஜா அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள், அதிகாரியின் பேனா திறந்தே இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். இப்போது பன்னிரண்டு ஐம்பது. சொல்லுங்கள், அவள் என்ன சொல்லட்டும்?