ஐம்பதாயிரம் வரை எண்ணு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, அதுவும் என் கோபம் இல்லை. 1997இல் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், ரசம் ஊற்ற வந்தவரைக்கூடக் கவனிக்காமல் தனலெட்சுமி பொரிந்து தள்ளினாள். ஷா ஆலமில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் டிரைவர் எழுதுபவள். (லோரி டிரைவர் இல்லை. கணினியின் உள்மையமான கர்னலோடு சேர்ந்து, இயந்திரத்திடம் பேசும் நிரல்.)

முதல் வரி: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு’... வேண்டாம். அன்று மழையே இல்லை.

2.

அழுத்து இயந்திரத்தில் ஒரு மின்கண் உண்டு. கை உள்ளே இருந்தால் அது சொல்லும், இயந்திரம் இறங்காது. ஆனால் சொல்ல அதற்குக் கணநேரம் வேண்டும். ‘பதில் தயாரா?’ என்று கேட்டுக் கேட்டுக் காத்திருப்பதுதான் முறை. அப்படி எழுத இரண்டு வாரம் கேட்டாள்.

மேலாளர் ராதாகிருஷ்ணன், “லோரி வெளிய நிக்குது. இன்னிக்கே ஓடணும் லா” என்றார்.

அதனால், ‘ஐம்பதாயிரம் வரை எண்ணு, பிறகு பதிலை எடு’ என்று எழுதினாள். எண்ணி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். ஓடியது. மேலே ஒரு குறிப்பு வைத்தாள்: தற்காலிகம், மாற்ற வேண்டும்.

எட்டு மாதத்தில் மூன்று முறை அவரிடம் போய் அந்த இரண்டு வாரத்தைக் கேட்டாள். மூன்று முறையும், “ஓடுதுல்ல?”

3.

புதுக் கணினி வந்தது. படுவேகம். அதே ஐம்பதாயிரத்தை மின்கண் வாய் திறப்பதற்குள் எண்ணி முடித்து, கை இல்லை என்ற பழைய பதிலையே எடுத்துக்கொண்டது. இயந்திரத்தில் தகடு வைக்கும் பவுனம்மாளின் கை...

(முதல் வரைவில் இரண்டு விரலை எடுத்துவிட்டேன். தனலெட்சுமி படித்துவிட்டு, “கதைக்காக அக்கா விரல வெட்டாதீங்கண்ணே” என்றாள்.)

போனது கையுறைதான். கேரி தீவிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் வரும் பவுனம்மாள், தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐம்பதாயிரத்துல ஒரு சைபர் சேத்துடு, முடிஞ்சது” என்றார் ராதாகிருஷ்ணன்.

“அடுத்த கம்ப்யூட்டர் வந்தா, பாஸ்?”

“வரப்போ பாக்கலாம் லா.”

மறுப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். பவுனம்மாளே குறுக்கே வந்தார்: “போட்டுடும்மா. ரெண்டு வாரம் மிஷின் நின்னா எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

போட்டாள். அதைச் சொல்லும்போதுதான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

4.

இங்கே உச்சகட்டம் வர வேண்டும். வரமாட்டேன் என்கிறது.

வீட்டில் உட்கார்ந்து முறையான டிரைவரை எழுதினாள். யாரிடமும் கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றினாள். மரக்கட்டையை உள்ளே நீட்டி நூறு முறை சோதித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பவுனம்மாளின் கை தவறி உள்ளே போனது. இயந்திரம் நின்றது. அவர் கையை எடுத்தார், “சனியனே” என்று அதைத் திட்டினார், அடுத்த தகட்டை வைத்தார்.

அவ்வளவுதான். எதுவுமே நடக்கவில்லை. நடக்காததை எப்படி ஐயா எழுதுவது?

ராதாகிருஷ்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வேலை போகலாம். தெரியாவிட்டால், அடுத்த இயந்திரத்தையும் இப்படி எண்ணச் சொல்லித்தான் ஓட்டுவார்.

“சொல்லட்டுமாண்ணே?” என்று கேட்டாள்.

இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் கிழித்தேன். வேலை அவளுடையது, எனக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். அவள் இலையை மடிக்காமல் காத்திருக்கிறாள்.