நல்லையா கழற்றி வைத்த கடிகாரம்

மலாக்கா காஜா பெராங்கில் தம்பிராஜாவைப் பற்றி ஒரு கேலி உண்டு. அவர் வீட்டில் பதினெட்டுக் கைக்கடிகாரங்கள் இருக்கும், மணி கேட்டால் மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வரச் சொல்வார் என்று. கேலியானாலும் அதில் பொய் கிடையாது. சேர்த்த கடிகாரங்களை அவர் கட்டவும் மாட்டார், சாவி கொடுக்கவும் மாட்டார். ஓடினால் தேயும் என்பது அவர் கட்சி. ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. அங்கே சுவரில் தொங்கும் கடிகாரமே அவருக்குப் போதும்.

வாங்குவதில் மகா கறார். குரோம் முலாம் பூசியதைத் தொடவே மாட்டார். மலாக்காவின் கடற்காற்றும் நம் ஆட்களின் வியர்வையும் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் முலாம் உரிந்து, உள்ளே இருக்கிற பித்தளை இளித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் சரி. முகப்பு கறுப்பாக இருக்க வேண்டும், எண்களில் ரேடியம் பூசியிருக்க வேண்டும். கடையிலேயே இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு, விரல் சந்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே எண்கள் பச்சையாக எரிந்தால்தான் விலையே கேட்பார்.

அத்தனை கறாருக்கும் முழுசாகத் தேறியது ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக். கட்டியிருப்பவர் கை அசைய அசைய அதுவே தன்னை முறுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு, பிறகு நின்றுவிடும். அதை அதே வீட்டில் குடியிருந்த தம்பி நல்லையாவுக்குக் கட்டிக்கொள்ளக் கொடுத்திருந்தார். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலை பார்த்த நல்லையா விடியுமுன்னே சைக்கிளில் கிளம்புவான். இருட்டில் மணி தெரிய அவனுக்கு அந்த ரேடியம் முகப்பு வேண்டியிருந்தது.

மே மாதம் ஒரு நாள் எண்ணெய்ப் பீப்பாயில் உரசி, கடிகாரத்தின் விளிம்பில் ஒரு கோடு விழுந்தது. நகக்கீறல் அளவுதான். தம்பிராஜா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“பொருளோட அரும தெரியாதவனுக்கு எதுக்குடா கடியாரம்? கழட்டு!”

நல்லையா அங்கேயே வாரை அவிழ்த்தான். கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனான். மறுநாள் மணி தெரியாமல் விழித்தவன், பிந்திவிட்டோம் என்று பயந்து சைக்கிளை விரட்டியிருக்கிறான். முச்சந்தியில் பலகை ஏற்றிய லோரி வந்தது. வேலைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது என்று விமானத் திடலிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் தம்பிராஜா கடிகார அலமாரியைத் திறந்தார். உள்ளிருட்டில் பச்சை எண்கள் எரிந்தன. ரேடியம் எரியத்தான் செய்யும். ஆனால் விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு கடிகாரங்கள் செத்துக் கிடக்க, நடுவில் அது ஒன்று மட்டும் டிக் டிக் என்றது.

வேறு யாராவது பார்த்திருந்தால் ‘ஓடுகிறது’ என்று மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஓடக் கூடாது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. கதவை அறைந்து சாத்தினார். அடுத்த நாளும் ஓடியது, அடுத்த வாரமும் ஓடியது. ஒரு தடவை துணிந்து கையில் எடுத்தார். தோல் வார் ஈரமாக இருந்தது. இப்போதுதான் ஒரு கையிலிருந்து கழற்றியதுபோல வியர்வை ஈரம்.

“அலமாரிய யாராச்சும் தொட்டீங்களா?” என்று மனைவி பூங்காவனத்திடம் கேட்டார்.

“உங்க கடியாரத்தத் தொட்டா வீடு ரெண்டாயிடுமே. யாருக்கு அந்தத் தைரியம் இருக்கு?” என்றாள் அவள்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் தாவூத்திடம் கொண்டுபோய்க் காட்டினார். தாவூத் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“நல்லா இருக்குண்ணே. கை ஆடாம இது தன்னால ஓடாது. ஓடுதுன்னா யாரோ கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.”

தம்பிராஜா அதை வாங்கிக்கொண்டு நேராக நடந்தார். அதே தெருவில் இருக்கும் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தார். அடுத்த நாளும் முள் நிற்கவில்லை. தம்பி கோபத்தோடு போயிருக்கிறான், திரும்பி வந்து தன் கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறான் என்று அவர் மனம் முடிவே கட்டிவிட்டது. பேயைவிட அவரை அரித்தது வேறு. அவன் என்னை மன்னித்தானா? அது மட்டும் தெரிந்துவிட்டால் போதும். யாரைப் பிடித்துக் கேட்பது?

ஆகஸ்டு கடைசியில் ஊரே மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கொண்டாட்டத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியை மத்தியானமே மூடிவிட்டார்கள். தம்பிராஜா வீட்டுக்கு வந்தபோது கொல்லைப் பக்கம் அம்மியில் மசாலா அரைபடும் சத்தம் கேட்டது. நல்லையாவின் மனைவி கோகிலா வெள்ளைப் புடவையில் உட்கார்ந்து குழவியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய மொட்டைக் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது.

நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. வாரின் கடைசித் துளையில் விழுந்திருந்த புது மடிப்பு இப்போதுதான் கண்ணில் பட்டது. இத்தனை நாள் பயம் கண்ணை மறைத்திருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

“கோகிலா, நீதானாம்மா?”

அவள் திடுக்கிட்டு முந்தானையால் கையை மூடினாள். பிறகு மெல்ல எடுத்துவிட்டாள்.

“மன்னிச்சுக்குங்க அத்தான். அவரு கழட்டிக் கொடுத்தப்ப இது ஓடிக்கிட்டு இருந்திச்சு. அவரு கை ஆட்டுன ஆட்டம் அது. அவர எடுத்துட்டுப் போனப்பவும் அலமாரிக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சு. நிக்க விடக் கூடாதுன்னு தோணிச்சு. நீங்க வேலைக்குப் போனதும் கட்டிக்குவேன். அன்னையிலேருந்து ஒரு தடவகூட நிக்கல.”

தம்பிராஜாவின் சிரிப்பு செத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்தும் வாய் கேட்டுவிட்டது.

“என்மேல கோவமாவாம்மா போனான்?”

கோகிலா குழவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கோவமெல்லாம் இல்ல அத்தான். அவருக்கு ஏது நேரம்? அவசரமாப் போனாரு.”

சொல்லிவிட்டுக் குழவியை மறுபடி இழுத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளுடைய அண்ணன் தேவதாஸ் அவளை மூவாருக்குத் தன் வீட்டோடு அழைத்துப்போக வந்தான். வாசலில் தம்பிராஜா கடிகாரத்தை அவளிடம் நீட்டினார்.

“நீயே வச்சுக்கம்மா. இது உன்னோடது.”

“வேணாம் அத்தான். அங்க ஆளுங்க நெறைய. வெள்ளப் பொடவைக்குக் கடியாரம் கேக்குதான்னு பேசுவாங்க.” அவர் இடக்கையைப் பிடித்து, கூச்சமில்லாமல் அவளே வாரைப் போட்டு மாட்டினாள். “நீங்க கட்டிக்குங்க. நிக்க விடாதீங்க. கழட்டாதீங்க.”

மெர்டேக்கா அன்று தெரு முழுக்கப் பாடாங் திடலுக்குப் போய்விட்டது. தூரத்தில் கூட்டம் கத்துவது கேட்டது. தம்பிராஜா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் இடக்கை மடியில் அசையாமல் கிடப்பது நினைவு வந்து, பதறி எழுந்தார். இரவெல்லாம் அசையாமல் கிடந்தாலும் அது நிற்காது என்று அவருக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தெரிந்தும் உட்கார முடியவில்லை.

கொல்லைக்குப் போய் அம்மியின் முன்னால் சம்மணம் போட்டார். இரண்டு கையாலும் குழவியைப் பிடித்து இழுத்தார், தள்ளினார். கடிகாரம் கல்லில் இடித்து, பழைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

பூங்காவனம் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மியில் மிளகாயும் இல்லை, மஞ்சளும் இல்லை.

“என்னங்க அரைக்கிறீங்க?”

அவர் வெறும் கல்லை இழுத்துக்கொண்டே இருந்தார்.