நாலு விரல் மடிப்பு

மத்தியானம் இரண்டு மணிக்குள் மூன்றாவது ஊசியும் முறிந்தது. துணி சாதாரணத் துணிதான். மெஷினும் பதினான்கு வருடமாகத் தையல்காரியின் கால் சொன்னபடி கேட்கிற மெஷின்தான். தைக்கிற இடத்தில் இருக்க வேண்டிய கண் வாசல் கதவோரம் கிடந்த நீலப் பையின் மேலேயே இருந்தால் பாவம், ஊசி என்ன செய்யும்?

பையின் ஜிப் காலையிலிருந்து திறந்தே கிடந்தது. ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தபோது உள்ளே நான்கு சட்டைகள் இருந்தன. பத்தரைக்கு இரண்டு. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் நான்கு, கூடவே ஒரு சீப்பு. சட்டையை எடுத்து வைக்கிறவள் மனசு மாறலாம், சீப்பையும் எடுத்து வைக்கிறவள் கிளம்பிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

பை மகளுடையது. பதின்மூன்று வயது, வீட்டில் கூப்பிடுவது வாலு. அப்பாவும் அம்மாவும் பிரிந்து ஐந்து வருடமாகிறது. பள்ளிக்கூடம் நடக்கிற மாதமெல்லாம் அப்பா வீடு, கோடை லீவுக்கு மட்டும் அம்மா வீடு என்று ஏற்பாடு. இந்த வருடம் அப்பா போனில் புதிதாக ஒன்று சொன்னார். "அவளுக்கு விவரம் தெரிஞ்சுடுச்சு. எங்க இருந்து படிக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வண்டியோட வர்றேன். வர்றதா இருந்தா பையோட வாசல்ல நிக்கச் சொல்லு." மகளிடமும் அதையே சொன்னார். சொல்லி ஒரு மாதம் ஆகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்கக் கூடாது என்று தையல்காரியின் அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "நீ மட்டும் வாயைத் திறந்துடாத. நீ கேட்டா, உன்னைப் பார்த்துப் பாவப்பட்டே சரின்னு சொல்லிடும் அந்தப் புள்ள. அப்புறம் என்னிக்காவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா உன்னால தாங்க முடியுமா?" அக்கா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நாக்கு நுனிவரை வந்ததை முப்பது நாளும் மென்று விழுங்கினாள். "டீ குடிக்கிறியா", "விளக்கை அணை", "ஃபேனுக்கு நேரா படுக்காத", இவ்வளவுதான் பேச்சு. மகளும் முடிவைப் பற்றி மூச்சு விடவில்லை. பிடிவாதத்தில் அம்மாவுக்கு ஒரு படி மேலே போகிறவள் அவள்.

நான்காவது ஊசியை மாட்டிவிட்டு அளவு நோட்டை எடுத்தாள். மூன்று மணிக்கு இரட்டைப் பிள்ளைகளின் அம்மா யூனிஃபார்ம் வாங்க வருவாள், இடுப்பு அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று. அவசரத்தில் நோட்டு பின்பக்கமாகத் திறந்துகொண்டது. அங்கே ஊதா மையில் மகளின் கையெழுத்து. தலைப்பு, 'அம்மாவுக்குப் பிடிச்சது'.

ஒன்று, மெஷினுக்கு எண்ணெய் விட்டதும் முதல் தடவை ஓட்டறப்ப வர்ற சத்தம். இரண்டு, காது உடைஞ்ச கோப்பை, அலமாரியில புதுசு ஆறு இருந்தாலும். அப்புறம் ஜன்னல் வழியாகக் கத்தரிக்கோல் மேல் விழுகிற பத்து மணி வெயில், இஸ்திரி போட்ட புதுத் துணியின் வாசனை. பதினான்காவதாக ரேடியோ, 'செய்தி மட்டும், யாராவது பாடினா கோபம் வரும்' என்ற குறிப்போடு. பதினேழு, பக்கத்து வீட்டுச் சண்டை, கேக்காத மாதிரி நடிப்பு. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடி திருடி! உட்கார்ந்து உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா? கட்டிய புருஷன் ஒன்பது வருடத்தில் பார்க்காததை இந்தப் பெண் இரண்டே மாதத்தில் பார்த்திருக்கிறாள்.

இருபத்து மூன்றாவது, 'வெயில் காலம் முடியறப்ப வர்ற முதல் காத்து. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஒண்ணும் பேசாம நிப்பாங்க.' அதோடு நின்றுவிட்டது. பக்கத்தைப் புரட்டினாள். வெறும் தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். உடைந்த கோப்பைக்கு இடம் இருக்கிறது, ஊர்ச் சண்டைக்கு இடம் இருக்கிறது, எழுதியவளுக்கு இல்லை. சிரிப்பு வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

மூன்று அடித்ததும் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா வந்து நின்றாள். தையல்காரி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு காலரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மகளுக்கு மேல் தட்டைக் கைகாட்டினாள். மகள் ஸ்டூலில் ஏறிச் சாம்பல் நிற ஸ்கர்ட்டுகளை மொத்தமாக இழுத்தாள். அப்போதுதான் தையல்காரிக்குச் சுரீர் என்றது. ஐயோ, அந்தத் தட்டிலா வைத்தோம்!

"எங்களுது ரெண்டுதானே? இது மூணு இருக்கே" என்றாள் வந்தவள். இரண்டில் பெயரும் அளவும் எழுதிய துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. மூன்றாவதில் எதுவுமில்லை.

"அது வேற ஆளுது" என்று ஊசிகளுக்கிடையே முணுமுணுத்தாள்.

வந்தவள் போய்விட்டாள். மகள் போகவில்லை. சீட்டு இல்லாத ஸ்கர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் சீட்டு இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட நகராது என்று அவளுக்குத் தெரியும்.

"யாருதும்மா?"

தையல்காரி காலரில் அடுத்த ஊசியைக் குத்தினாள். மகள் அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தைத்தது அது. தெருமுனைப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் போய், ஒரு இடம் மட்டும் திங்கட்கிழமைவரை வைத்திருங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்த அன்று மகள் தூங்குகிற மத்தியானத்தில் துணியை வெட்டினாள். டேப்பை எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். டேப் எதற்கு? வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்த பார்வையில் இடுப்பையும் நீளத்தையும் சொல்கிற கண் அவளுடையது, தெருவே ஒப்புக்கொள்ளும். எல்லாருக்கும் கீழே இரண்டு விரல் மடிப்பு விடுவாள், வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து இறக்கிக்கொள்ள. இதற்கு நாலு விரல் விட்டாள். யாரும் கேட்காத ஒரு வேண்டுதலை அதற்குள் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. மகள் ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். இடுப்பு கச்சிதமாக இருந்தது. நீளம்தான் முட்டிக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

தையல்காரி வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தப்பாமல் அளந்த கண் பெற்ற பிள்ளையிடம் ஏமாந்துவிட்டது. போன கோடையில் வந்தவளைத்தான் இந்தக் கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கா?"

"ம்."

"கேக்காமயே தைச்சியா?"

"கேட்டா நீ எனக்காகச் சரின்னு சொல்லிடுவேன்னு பயம்."

"நீ கேக்கலேன்னதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" மகளின் குரல் உடைந்தது. "டீ குடிக்கிறியா, டீ குடிக்கிறியா... வேற ஒண்ணுமே சொல்லல நீ. இருபத்தி மூணு எழுதினேன். அடுத்தது நீயா வாயைத் திறந்து சொல்லுவே, எழுதிக்கலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன். நான் உனக்கு வேண்டாம் போலன்னு..."

"அடிப்பாவி!" என்று கத்தியேவிட்டாள். "கோப்பை பிடிக்கும், ரேடியோ பிடிக்கும். நீ அந்தக் கணக்குல வர்றவளாடி? நீ போற அன்னிக்கு அதெல்லாம் வெறும் சாமான்டி எனக்கு. ஒவ்வொரு வருஷமும் அந்தக் காத்து வந்தா ஜன்னல்ல நிக்கறேனே, பிடிச்சா நிக்கறேன்? உன்னைக் கூட்டிட்டுப் போற நாள் வந்துடுச்சுன்னு நிக்கறேன்." மூச்சு வாங்கியது. அக்கா கோபித்துக்கொள்ளட்டும். "போகாதடி. எனக்குத் தாங்கல. இதுக்கு மேல உன் இஷ்டம்."

மகள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நீலப் பை வாய் பிளந்து கிடந்தது. அளவு பார்க்கப் பிள்ளைகள் ஏறி நிற்கிற ஸ்டூலைக் காலால் நடுவில் இழுத்துப் போட்டு மகள் அதன் மேல் ஏறினாள்.

"இதை இறக்கி விடு முதல்ல. இப்படியே வெளியில போய் நிக்க முடியாது."

எங்கே போய் நிற்க? அப்பாவின் வண்டி முன்னாலா, நாளைக்குப் பள்ளிக்கூடத்து வாசலிலா? கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஊசிகளை மறுபடியும் வாயில் கவ்விக்கொண்டு, பிளேடின் நுனியால் முதல் தையலை அறுத்தாள். சொந்தத் தையலைப் பிரிப்பதுதான் கஷ்டம். அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருந்தாள்.

பாதி சுற்று பிரிந்திருந்தபோது வெளியில் ஹாரன் அடித்தது. நாலுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது, அந்த மனுஷன் என்றைக்குமே முன்னால் வருகிறவர். அவள் கை நின்றது.

"நீ பிரிம்மா" என்றாள் மகள்.

பிரித்தாள். இரண்டாவது ஹாரன் நீளமாக அடித்தது. மகள் வாசல் பக்கம் பார்க்கத் திரும்பியதில் ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. விழாமலிருக்க அம்மாவின் உச்சந்தலையில் கையை ஊன்றிக்கொண்டாள். மடிப்பு விட்டுக்கொடுத்து, நாலு விரல் துணியும் மடிப்புத் தடத்தோடு முட்டிக்குக் கீழே இறங்கியது. ஸ்டூலின் ஆட்டம் நின்று வெகுநேரமாகியும் தலையிலிருந்த கை எடுபடவில்லை.