அப்பாவைப் பார்க்க வந்தவர்கள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நோய் வருத்தம் என்றால் பார்க்கப் போகாமல் விடுவது கொலைக்குச் சமம். அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியபோது, நோயைவிட இந்தச் சனத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் தாதி நேசமலர் மிஸ் எங்களை இருத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மருந்து ஏற்றி ஒரு கிழமையில் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும், கிருமி தொற்றினால் உடம்பு தாங்காது, ஆட்களை அண்ட விடக்கூடாது. காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வீட்டில் பனடோல் போட்டுப் பார்க்காமல் உடனே ஓடிவர வேண்டும். முப்பது வருடம் கிளாக்கராக இருந்த அப்பா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்.

ஆனால் ஆட்களை மறிக்க மட்டும் அவரால் முடியவில்லை. பார்க்க வருகிறவரை வாசலில் திருப்பி அனுப்பினால் நாளைக்குச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்களாம். யாருடைய செத்தவீடு என்று கேட்டேன். அப்பா கொப்பியை மூடி வைத்தார்.

"யோகநாதன் வீட்டில் கான்சராம்" என்று கேள்விப்பட்டு முதலில் வந்தவர், அப்பாவோடு வேலை செய்த ஸ்ரீஸ்கந்தராசா மாமா. நித்திரையில்லாத முகமும் மொட்டைத் தலையுமாகக் கதிரையில் இருந்த அப்பாவைக் கண்டதும், கையைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டார். அப்பாவுக்குத் தலைமயிர் கொட்டி இருபது வருடம். அதைச் சொல்ல நான் வாயைத் திறக்க, பேசாதே என்று அப்பா கண்ணைக் காட்டினார். உள்ளறையில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்தார்.

அன்றிலிருந்து அப்பா சால்வை போர்த்தி முனகப் பழகினார். அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்குக் கோயிலுக்குப் போய்விட்டார் என்றோம். ஆறு கிழமையாக அம்மா கோயிலிலேயே இருந்தார். நகரத்தின் மறுபக்கம் வத்தளையிலிருந்துகூட அப்பிளும் முந்திரிகைப்பழக் குலைகளும் வந்தன. தின்று தின்று அப்பா நாலு கிலோ கூடினார். மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சனம் சந்தோஷப்பட்டது.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஹோலில் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அறைக்குள்ளிருந்து அம்மா எனக்குப் போன் எடுத்தார். முப்பத்தெட்டு தசம் நாலாம். பதறிப்போய், காய்ச்சல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, நாலு பேர் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் கத்த, காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று இன்னும் இறுக்கிப் பிடித்து மாடி லிப்ற்வரை கொண்டுபோய்விட்டார்கள்.

அறைக்கதவு திறந்தது. மாஸ்க்கோடும் கைப்பையோடும், மயிர் கொட்டிய தலையில் துணிகூடக் கட்டாமல் அம்மா லிப்ற்வரை நடந்து வந்தார்.

"அவரை இறக்குங்கோ. வருத்தம் எனக்கு."

எல்லோரும் விலகினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா மாமா மட்டும், கோயிலிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டார்.

ஓட்டோ காலி வீதியில் ஏறியதும் அப்பா அழுதார்.

"எல்லாரும் என்னட்ட எப்பிடி இருக்கு எண்டு கேட்டவை, பத்மா. நான் உம்மட்ட ஒருநாளும் கேக்கேல்லை."

"இப்ப கேளுங்கோ" என்றார் அம்மா.

அப்பா கேட்டார். தண்ணீர் குடித்தாலே எரிகிற வாய்ப்புண்ணிலிருந்து அம்மா தொடங்கினார். விரல்கள் விறைப்பதை, பூட்டிய அறைக்குள் வருகிற பயத்தை, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வந்த பிறகும் சொல்லி முடியவில்லை. எனக்கும் அதெல்லாம் அன்றுதான் தெரியும்.